முள்ளைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள், அதன் அடியைப் பாருங்கள்

டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணிய ஒருசெல் உயிரியின் உறங்குநிலைக் கூடுதான் சிஸ்ட். புதைபடிவ சிஸ்ட்டுகளில் ஸ்பைனிஃபெரைட்டிஸ் ராமோசஸ் என்ற இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சிஸ்ட்டின் முட்கள், அதன் மேற்பரப்பில் தெரியும் தகடுகளின் எல்லைக்கோட்டில் நிற்கும். மூன்று தகடுகள் கூடும் மூலையில் நுனி மூன்றாகப் பிரியும். இரண்டுக்கு நடுவில் என்றால் இரண்டாக. முள்ளுக்கு முள் மெல்லிய வரப்பு ஓடும். அது இல்லாவிட்டால் அக்கோமோஸ்ஃபேரா என்ற வேறு பேரினம். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: வரப்பு மிகத் தாழ்வு, ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தினால்தான் தெரியும். தகட்டின் நடுவில் முள் நின்றால் இந்தப் பேரினமே இல்லை.

அடுத்து, முதுகுப்பக்கம் இடைக்கச்சைக்கு (நடுவைச் சுற்றி ஓடும் பட்டைக்கு) மேலே ஒரே ஒரு தகடு கழன்ற ஓட்டை. 1830களில் ஜெர்மன் இயற்கையியலாளர் எஹ்ரன்பெர்க் இவற்றை சாந்திடியம் என்ற நன்னீர்ப் பாசியோடு சேர்த்தார். டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்தான் என்று 1961இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எவிட் காட்டியதற்கு அந்த ஓட்டையும் தகட்டு வரிசையுமே சான்று.