டென்சன் குறைக்கிற தக்காளி

கிருஷ்ணகிரில மாங்கூழ் ஃபேக்டரி எடை மேடைல வேலை பாக்குறவன்கிட்ட ஜூன் மாசத்துல வந்து "டென்சன் ஆகாதீங்க"ன்னு சொல்றவங்கள ஒரே ஒரு நாள் என் சேர்ல உக்கார வச்சு பாக்கணும். கேட்டுக்கு வெளிய பெங்களூரா மாங்கா லோடு வரிசையா நிக்கும், ராத்திரியெல்லாம் நின்ன டிரைவரு, காய் வெயில்ல வதங்குதேன்னு விவசாயி, உள்ள இருந்து "எடைல கழிவு ஏன் கம்மியா போட்ட"ன்னு மேனேஜரு, வெளிய இருந்து அதே சீட்ட காட்டி "கழிவு ஏன் இவ்ளோ போட்ட"ன்னு லோடுக்காரரு, நடுவுல நானு.

போன மாசம் கேம்ப்ல பிரஷர் பாத்தா 150க்கு 96. நர்சம்மா மிசின தட்டிட்டு மறுபடி பாத்தாங்க, அதே தான். டாக்டர பாருங்க, டென்சனையும் குறைங்கன்னாங்க. டாக்டர பாத்தாச்சு, மாத்திரையும் ஓடுது. டென்சன் விசயத்த பெங்களூர் ஐடில இருக்கற என் மச்சான் கையில எடுத்துக்கிட்டான், அங்க தான் தப்பாச்சு.

"மாமா, பொமோடோரோ பண்ணுங்க"ன்னான். ஏதோ திங்கிற ஐட்டம்னு நெனச்சேன். 1980கள் கடைசில ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு இத்தாலில ஒரு காலேஜ் பையன் படிப்பு ஓடலன்னு சமையக்கட்டு டைமர வச்சு ஆரம்பிச்சதாம், 25 நிமிசம் ஒரே வேலை, 5 நிமிசம் ரெஸ்ட், இப்படி நாலு ரவுண்டு போனா கொஞ்சம் பெரிய ரெஸ்ட். அந்த டைமர் தக்காளி மாதிரி இருந்துச்சாம், இத்தாலிக்காரங்க பாஷைல பொமோடோரோன்னா தக்காளி. சொன்னதோட விடாம அதே மாதிரி செவப்பா ஒரு டைமர வாங்கி, காசையும் ஜிபேல வாங்கிக்கிட்டு குடுத்தான்.

மொத நாள் எடை மேடைல வச்சேன். டிக் டிக்னு ஓடுது. லாரி மேடை ஏறி பாதி நிக்கறப்ப கிர்ர்ர்னு அடிச்சுது, நானும் ரூல்படி எந்திரிச்சு வெளிய போயிட்டேன். திரும்பி வந்தா ஆறு பேரு கத்திக்கிட்டு இருக்காங்க, ஒரு டிரைவரு "சார் குக்கர அமத்திட்டு வந்து சீட்டு குடுங்க சார்"ங்கறாரு.

சரி டைமர் வேணாம், மூச்சுப் பயிற்சி பண்ணலாம்னு 4 எண்ணி இழுத்து 7 எண்ணி புடிச்சு 8 எண்ணி விட்டேன். விடற மூச்சு நீளமா இருந்தா நெஞ்சு படபடப்பு எறங்கும்னு சொல்றது நிஜம் தான், எனக்கே தெரிஞ்சுது. ஆனா கண்ண மூடி 7 வரைக்கும் மூச்ச புடிச்சு உக்காந்திருக்கறத பாத்த ஒரு கிளீனர் பையன் நெஞ்சு வலின்னு முடிவு பண்ணி சோடாவோட ஓடி வந்துட்டான், பின்னாடியே மேனேஜரு. 8 எண்ணி விட வேண்டியத ஒரே மூச்சுல விட்டேன்.

அப்புறம் கண்ணு சோர்வுக்குன்னு ஒண்ணு, 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி இருக்கறத 20 செகண்டு பாக்கணும். எனக்கு 20 அடில என்ன இருக்கு, லாரி தான். 20 செகண்டு பாத்தா எத்தன லாரின்னு எண்ண தோணுது. கடைசில சேர பின் ஜன்னல் பக்கம் திருப்பி போட்டு, தூரத்துல தெரியற சையத் பாஷா மலைய பாக்க ஆரம்பிச்சேன், சும்மா சொல்லக் கூடாது, அது நல்லா இருக்கு.

டீயையும் ஏழுல இருந்து மூணாக்கிட்டேன். அஞ்சு மணி நேரம் கழிச்சும் அதுல பாதி காஃபின் ஒடம்புல நிக்குமாம், சாயங்காலம் 6 மணி டீ நடுராத்திரி வரைக்கும் நம்மள ஏன் புரட்டுதுன்னு அப்ப தான் புரிஞ்சுது. இப்ப 11 மணிக்கு கேண்டீன் அக்கா குடுக்கற கேவுரு கூழும் மோரும் தான், தொட்டுக்க என்னன்னு கேக்காதீங்க, மாங்கா தான்.

ஞாயித்துக்கிழமை ராயக்கோட்டை பக்கம் எங்க ஊருக்கு போனேன். அப்பா தக்காளி போட்டிருக்காரு, மொத நாள் மண்டில ஒரு கிரேடு, அதான் ஒரு பெட்டி நெறைய தக்காளிய, 90 ரூபாய்க்கு கேட்டாங்கன்னு பேசாம திண்ணைல உக்காந்திருந்தாரு. அந்த நேரம் பாத்து என் பைக்குள்ள கிர்ர்ர். எடுத்து காட்டி, இது தக்காளி டைமருப்பா, டென்சன் குறையும்னேன்.

"முப்பது வருசமா தக்காளிய தாண்டா பாக்கறேன், எனக்கு எங்க குறைஞ்சுது?"

கையில வாங்கி உருட்டினாரு, காம்பு பக்கம் கட்டவெரலால அமுக்கி பாத்தாரு, அப்படியே மண்டில வியாபாரி பாக்கற மாதிரி.

"எவ்ளோ?"

"350ப்பா."

"கிரேடா?"

"இல்லப்பா, ஒண்ணு."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "உன் மச்சானுக்கு ஒரு ஃபோன் போட்டு குடுறா, அங்க மண்டி எங்க இருக்குன்னு கேக்கணும்."