காகித ராஜாவும் மெழுகுவத்தி ராஜாவும்

ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் (ஆட்சி 1556–1598) நேர்ப்பேச்சைவிட எழுத்தை நம்பியவர். கோப்பெல்லாம் அவர் மேசைக்கே வரணும். ஓரத்தில் குறிப்பெழுதுவார், எழுத்துப்பிழையைக்கூடத் திருத்துவார். முடிவுதான் தாமதமாகும். 1588இல் இங்கிலாந்தின் மீது ஏவிய ஆர்மடா என்ற பெரிய கப்பற்படையையும் மேசையிலிருந்தே நடத்தினார். ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) காத்திருந்த தன் தளபதி பார்மா கோமகனின் படையைக் கப்பல்களோடு எங்கே சேர்ப்பது? பெரிய கப்பல் நிற்க ஆழமான துறைமுகமே அங்கே கைவசம் இல்லை. அந்த ஓட்டை கடைசிவரை அடைபடவில்லை.

பிரான்சின் பதினான்காம் லூயி வேறு ரகம். 1661இல் முதலமைச்சராக இருந்த மசாரின் இறந்ததும் இனி அந்தப் பதவியே வேண்டாம் என்றார். 1682இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றினார். இரவில் அவர் படுக்கப் போகும்போது மெழுகுவத்தி பிடிக்கும் வாய்ப்புக்குப் பிரபுக்களிடையே போட்டி! கலகம் செய்த வம்சங்களை இப்படி அடக்கியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 1685இல் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்து ஆணையை ரத்து செய்து, கைதேர்ந்த ஹியூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்) நெசவாளர்களை லண்டனுக்கும் பெர்லினுக்கும் ஓடவைத்தாரே, அதை என்னவென்று சொல்ல?