மாஸ்டர் வரைந்த மான்

எங்கள் ஆங்கில மாஸ்டர் ஒரு சொல்லுக்குப் பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்ததே கிடையாது. துப்பறியும் கதையொன்றைப் படிப்பித்த நாளில் 'பிளட்ஹவுண்ட்' என்ற பெயர் வந்தது. அப்படியென்றால் என்னவென்று கேட்டார்.

"இரத்தம் குடிக்கிற நாய், சேர்," என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன்.

மாஸ்டர் ஏசவில்லை. வெண்கட்டியை எடுத்து மூலையில் ஒரு மானை வரைந்தார். அதன் காலடியிலிருந்து பலகையின் மறுகோடிவரை டொக் டொக்கென்று புள்ளி குத்திக்கொண்டே போனார்.

"அம்பு பட்ட மான் விழாது, ஓடும். சிந்தின இரத்தத்தை மோந்து மோந்து போய், அது கிடக்கிற இடத்தைக் காட்டிறதுதான் இந்த நாயின்ரை வேலை."

இங்கிலாந்துக்கு வந்தபின் அதைத் தேடிப் படித்தேன். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. ஜோன் கீஸ் என்ற மருத்துவர் 1570இல் நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலிலும் மாஸ்டர் சொன்ன விளக்கமே வருகிறது. காயப்பட்ட விலங்கை மட்டுமல்ல, திருடனையும் அது தேடிப் பிடிக்கும் என்கிறார் கீஸ். 'தூய இரத்தம்', அதாவது கலப்பில்லாத உயர்ந்த வம்சம் என்பதுதான் பொருள் என்று வாதிடுவோரும் உண்டு. அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய விளக்கம். எனக்குப் பழையதே சரியாகப் படுகிறது.

பிரெஞ்சுக்காரர் இதைச் 'செயின்ட் ஹூபர்ட் நாய்' என்பார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் அந்தப் புனிதரின் பெயரிலுள்ள மடத்துத் துறவிகள் இவற்றை வளர்த்து, பிரெஞ்சு மன்னருக்கு ஆண்டுதோறும் அனுப்பினார்களாம். ஸ்கொட்லாந்தில் பெயர் வேறு: 'ஸ்லூத் ஹவுண்ட்'. 'ஸ்லூத்' என்றால் தடம். பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. மன்னர் ரொபர்ட் புரூஸைத் துரத்திய நாயை ஜோன் பார்பர் தன் காவியத்தில் அப்படித்தான் அழைக்கிறார். புரூஸ் ஓடையில் இறங்கி நடந்து, மோப்பம் அறுந்துபோகத் தப்பினாராம். பின்னாளில் அந்த 'ஸ்லூத்' துப்பறிவாளருக்கே பெயராகிவிட்டது. இதைக் கேட்டால் மாஸ்டர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இங்கே ஒரு பூங்காவில் அந்த நாயைக் கிட்ட நின்று பார்த்தேன். தலையைக் குனிந்தால் காது இரண்டும் புல்லில் இழுபடுகின்றன. நெற்றித் தோல் மடிந்து கண்ணில் விழுகிறது, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்குகிறது. பரம சாது. என் சப்பாத்தை ஆறுதலாக மோந்துவிட்டு, தன்பாட்டில் போய்விட்டது.

மாஸ்டரிடம் படித்தவர்கள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறோம். அவர் இப்படி விளக்கிய சொற்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எழுதி அனுப்புங்கள், அடுத்த மலரில் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம்.