பாதி அரைந்த உளுந்து

தில்லிக்கு வந்து 27 வருஷம் ஆகிறது. ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. இங்கே யாரும் கரண்ட் போச்சு என்று சொல்ல மாட்டார்கள், 'லைட் சலி கயி' என்பார்கள். பட்டப்பகலில் லைட் போனால் யாருக்கு என்ன? எனக்குப் போனது கிரைண்டர் அல்லவா?

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை. உளுந்து பொங்கி மேலே வருகிற நேரம் பார்த்துக் கல் நின்றுவிட்டது. மணி 10.20. எங்கள் இன்வெர்ட்டர் இரண்டு ஃபேனுக்கும் ஒரு விளக்குக்கும்தான் தாங்கும். கிரைண்டரைப் போட்டால் கீகீ என்று கத்தும். நாலாவது மாடி, வெளியே 44 டிகிரி. ஊறிய அரிசி ஒரு பக்கம், பாதி அரைந்த உளுந்து ஒரு பக்கம். பாத்திரத்துக்கு ஈரத்துணி சுற்றித் தாம்பாளத் தண்ணீரில் வைத்தேன். ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று பேரனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

புகார் கொடுக்கலாம் என்று போனை எடுத்தேன். "எல்லோரும் செய்தாச்சு, நீங்கள் வேறா?" என்றார் எதிர் வீட்டு பஞ்சாபி அம்மா. சரி என்று வைத்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். கரண்ட் வந்தது 3.40க்கு. உளுந்து அதற்குள் நாறிவிட்டது, அப்படியே கொட்டினேன்.

சாயங்காலம் கேட் காவலாளி சொன்னதைக் கேட்டுத்தான் கோபம் வந்தது. கேபிள் மாற்றும் வேலையாம். கேபிள் சுருளும் ஏணியும் முந்தின நாள் மத்தியானமே வந்து இறங்கிவிட்டதாம்! அதாவது அவர்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரியும். போனில் ஒரு வரி அனுப்பியிருந்தால் காலை ஆறு மணிக்கே அரைத்து எடுத்திருப்பேன்.

பிள்ளை விதிகளைத் தேடிக் கொடுத்தான். மத்திய மின் அமைச்சகம் 2020 டிசம்பர் 31இல் வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், திடீர்ப் பழுது என்றால் உடனே குறுஞ்செய்தி அனுப்பி, எப்போது சரியாகும் என்றும் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்தே கண்காணிக்கக்கூடிய குறைகளுக்கு இழப்பீடு தானாகவே வர வேண்டும். 'தானாகவே' என்ற சொல்லைப் பிள்ளை பென்சிலால் கோடிட்டிருந்தான். தில்லியில் இந்தப் பேச்சு அதற்கும் முன்னால் 2016இலேயே வந்தது. முதல் இரண்டு மணி நேரத்துக்கு மணிக்கு 50 ரூபாய், அதற்குமேல் மணிக்கு 100 என்று அறிவித்தார்கள். அப்புறம் மாநில அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த இழுபறியில் அது படுத்துவிட்டது. 2018இல் மறுபடி எழுந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் என் ஐந்து மணி நேரத்துக்கு 400 ரூபாய். உளுந்துக் காசு போக மிச்சமே இருக்கும்.

கேட்டுவிடலாம் என்று எங்கள் பேட்டைக்கு மின்சாரம் தரும் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "புகார் எண் இருக்கிறதா, ஆன்ட்டி?" இல்லை. "அப்படியென்றால் உங்கள் வீட்டில் கரண்ட் போனது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணைத்தது அவர்கள், எத்தனை மணிக்கு அணைத்தோம், எத்தனை மணிக்குப் போட்டோம் என்று எங்கேயாவது எழுதி வைக்காமலா இருப்பார்கள்? இத்தனைக்கும் நான் கொட்டிய உளுந்துக்குக் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் நேரத்துக்குத்தான் கேட்டேன். எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவரை பதில் இல்லை. இப்போதெல்லாம் கரண்ட் போனால், ஊரே புகார் செய்திருந்தாலும் சரி, முதலில் எண்ணை வாங்கிவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்கிறேன்.

அடுத்த பில் வந்தது. ஏசி ஓடிய மாதம், 400 யூனிட் தாண்டிவிட்டது, மானியமும் கிடையாது. இழப்பீடு என்று எதுவும் அதில் இல்லை. முந்தின பில்லை நான் இரண்டு நாள் தாமதமாகக் கட்டியதற்கு மட்டும் 9 ரூபாய் சேர்ந்திருந்தது. அதற்கு யாரும் புகார் எண் கேட்கவில்லை.