சாய்தளத்திலிருந்து தேர்வறை வரை: ஒரு வடசென்னை நாட்குறிப்பு

9 ஜூன் 2025, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. மாற்றுத்திறன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சேர்க்கைக்கு அலையும் பெற்றோருக்குத் தனியார் பள்ளிகள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லீங்க, வேற ஸ்கூல் பாருங்க." வாயால்தான் சொல்வார்கள், எழுதித் தரமாட்டார்கள். ஆகவே முதலில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். தேதி விழுந்த காகிதம் இல்லாமல் மறுத்ததாக எங்கேயும் நிரூபிக்க முடியாது.

விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16 என்று ஒரு வரி இருக்கட்டும். அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டையுமே அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அங்கீகாரம் வாங்கிய மெட்ரிக் பள்ளியும் இதில் அடக்கம்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் சிறுபான்மைப் பள்ளிகள் அதிகம். கல்வி உரிமைச் சட்டம் 2009 சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் பிரமாதி வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் அங்கே அந்தச் சட்டம் தரும் 25 சதவீத இலவச இடத்தைக் கேட்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு 2009 சட்டத்தைப் பற்றியது. அதைக் காட்டி 2016 சட்டத்தையும் சேர்த்து ஒதுக்கப் பார்த்தால் விடவேண்டாம்.

இன்னொன்று, "வீட்டிலேயே வச்சுப் படிக்க வைங்க." வீட்டுவழிக் கல்வி என்பது கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கொடுத்த உரிமை. தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளையின் தரப்பு. தலைமையாசிரியர் எடுக்கும் முடிவு அல்ல.

17 ஜூன், செவ்வாய்

சாய்தளம். இதற்கு விகிதம் 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 செ.மீ. படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் வேண்டும். மூன்று படி என்றால் 5.4 மீட்டர். வடசென்னையில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், சாலை மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிடுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் பள்ளி தன் தளத்தை மேலும் உயர்த்துகிறது. வாசலில் இடம் அதே இடம்தான். கொத்தனார் இருக்கிற இரண்டு மீட்டருக்குள் சிமெண்டைச் சரித்துவிடுகிறார். கணக்கில் சாய்தளம் "உண்டு". சக்கர நாற்காலியோ பின்பக்கம் கவிழப் பார்க்கும். இடம் போதாவிட்டால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டலாம்.

அகலம் குறைந்தது 1.2 மீட்டர், கைப்பிடி இருபக்கமும், 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90இல் ஒன்று. பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும்.

சாய்தளம் சரியாக இருந்தும் நாற்காலி நிற்கிற இடம் ஒன்று உண்டு: அடிவாரத்தில் குறுக்கே ஓடும் வடிகால் மூடி. கம்பிகள் நடை திசையிலேயே ஓடினால் முன்சக்கரம் இரண்டு கம்பிக்கு நடுவே இறங்கிவிடும். நாற்காலி அப்படியே நின்றுவிடும், பிள்ளை முன்னால் சரிவாள். கம்பிகளைக் குறுக்காகத் திருப்பி, இடைவெளியை 12 மி.மீ.க்குள் வைத்தால் தீர்ந்தது. வெல்டிங் பட்டறையில் அரைநாள் வேலை.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால் நாற்காலியோடு நுழைந்தவர் கதவைச் சாத்த முடியாது, கதவு திறந்தபடியே போகவேண்டியிருக்கும். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் கட்டடப் பொறியாளர்கள் வியப்பாகப் பார்க்கிறார்கள்.

26 ஜூன், வியாழன்

காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கு அது வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். பிள்ளைக்குப் பின்னால் ஒரு மீட்டரில் நின்று, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், நடுநடுவே சும்மாவும் இருங்கள். கேட்டதும் கை தூக்கினால் போதும், திருப்பிச் சொன்னால் இன்னும் நல்லது. பிறகு மூன்று மீட்டரில். 'ஸ்' மட்டும் தவறினால் உயர் அதிர்வெண் ஒலி எட்டவில்லை. எல்லாமே தவறினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

காற்றால் இயங்கும் துத்தநாக பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்த பின் ஒரு நிமிடமாவது காற்றில் வைத்துவிட்டுத்தான் கருவியில் போடவேண்டும். உரித்ததை எடுத்து வைத்துக்கொண்டாலும் அது பாட்டுக்குத் தீர்ந்துகொண்டிருக்கும், ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. வியர்வையும் கடல்காற்றும் சேரும் இந்த ஊரில் இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்காத கருவி நாள்பட நிற்காது. 'கீ' என்று விசிலடித்தால் பழுது என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிள்ளை வளர்ந்து காது அச்சு சின்னதாகியிருக்கும், அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கும்.

உட்காரும் இடம்: தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். ஆசிரியரிடமிருந்து ஒன்றரை மீட்டருக்குள், முதல் வரிசையின் ஓரத்தில், ஆசிரியரும் வகுப்பும் தெரியும்படி உட்கார வைக்கலாம். கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே கூடாது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும் பக்கத்து ஜன்னலும் கூடாது. கருவிக்குப் பேச்சும் இரைச்சலும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துப் பெருக்கும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் பழக்கமும் போகவேண்டும். எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள்.

8 ஜூலை, செவ்வாய்

கற்றல் குறைபாடு இருக்கிறதோ என்று சந்தேகிக்கும் பட்டியல்கள் வந்து குவிகின்றன. பாதிப் பெயரை முதலிலேயே எடுத்துவிடலாம். "வாயப்பயம்" என்று எழுதிய காசிமேட்டுப் பிள்ளைக்குக் குறைபாடு எதுவும் இல்லை, வீட்டில் பேசுகிறபடி எழுதியிருக்கிறான். ழ, ள குழப்பம், ண, ன குழப்பம் இந்தப் பகுதியில் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு, பெரியவர்களிடமும் உண்டு. அதை வைத்து யாரையும் பட்டியலில் ஏற்றவேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ' என்பதில் ஓர் உயிரொலி இரண்டு துண்டாக எழுத்தின் இருபக்கமும் நிற்கிறது. வாசிப்பில் சிக்கல் உள்ள பிள்ளை 'கொடி'யைக் 'கெ', 'ர', 'டி' என்று உடைப்பான், ஏனென்றால் கால் அவனுக்கு ரகரமாகத் தெரிகிறது. மூன்றாம் வகுப்பிலும் இது தொடர்ந்தால், நேற்று படித்த சொல் இன்று புதுச் சொல்லாகத் தெரிந்தால், வாயால் கேட்டால் கதை முழுவதும் சொல்லி எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றால், அப்போது சந்தேகப்படலாம்.

செய்யக்கூடியது: கொம்பையும் காலையும் ஒரே நிறத்தில் (சிவப்பு என்று வைத்துக்கொள்வோம்), மெய்யெழுத்தைக் கறுப்பில் எழுதிய அட்டைகள். முதல் வாரம் ஒற்றைக்கொம்பு மட்டும், ஐந்து மெய்களோடு. பத்தில் எட்டு தட்டாமல் வந்த பிறகே இரட்டைக்கொம்பு. 'ஒ' வரிசைக்கு இவை இரண்டும் நின்ற பிறகு வந்தால் போதும். அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் கொண்ட, அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிநூலில் பிள்ளை எந்த நிலையோ அங்கிருந்தே சொற்களை எடுங்கள். தனி நோட்டு போட்டுத் தனியே உட்கார வைத்தால் மற்ற பிள்ளைகள் அன்றைக்கே பெயர் வைத்துவிடுவார்கள்.

16 ஜூலை, புதன்

மாற்றுத்திறன் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும் காலம். போன ஆண்டுத் தாளைத் தேதி மாற்றி நகலெடுப்பது ஊரறிந்த ரகசியம்.

"தமிழ் வாசிக்கும் திறன் மேம்படும்" என்பது இலக்கு அல்ல. "செப்டம்பர் இறுதிக்குள், அரும்பு நிலையில் புதிய பத்துச் சொற்களில் எட்டை உதவியில்லாமல் வாசிப்பாள், அடுத்தடுத்த மூன்று முறை" என்று எழுதினால் யார் வந்தாலும் சரிபார்க்கலாம். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்கு போதும், அதில் ஒன்றாவது வாழ்க்கைத் திறனாக இருக்கட்டும்: தட்டைத் தானே கழுவி வைப்பது, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று அட்டை காட்டிக் கேட்பது. யார் செய்வது என்ற கட்டத்தில் வகுப்பாசிரியர் பெயர் வரவேண்டும். சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஒருவர். அவர் வராத நாளில் திட்டமும் வராது என்றால் அது வகுப்புக்கான திட்டமே இல்லை. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தொடக்க நிலைக்குப் பத்து மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. களத்தில் அதைப் பார்ப்பது அரிது.

கூட்ட நேரமும் முக்கியம். மீன் விற்கும் அம்மாவைக் காலை பத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். விடியுமுன் ஏலத்துக்குப் போனவர் கூடையைக் காலி செய்து வீடு வர மதியம் ஆகிவிடும். மூன்று மணிக்குக் கூப்பிட்டால் வருவார், பிள்ளையைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாததையும் சொல்வார்.

31 ஜூலை, வியாழன்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகை (கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு) மார்ச்சில் கிடைக்க வேண்டுமென்றால் வேலை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதில் ஒருமுறை, பதினான்கில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை மதிப்பிடப்பட்டு வழங்கப்படுவது. பதினான்கு என்றால் ஒன்பதாம் வகுப்பு. நான்காம் வகுப்பில் வாங்கிய சான்றை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் பல. அந்தத் தாளோடு பத்தாம் வகுப்பில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

மதிப்பீட்டுக்கு முன் கண்ணையும் காதையும் சோதித்த சீட்டு கையில் இருக்கட்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இரண்டு புறநோயாளர் பிரிவும் உண்டு. அது இல்லாவிட்டால் குழந்தைநல மருத்துவர் முதலில் அங்கேதான் அனுப்புவார், ஒரு நாள் கூலி போகும். பள்ளி தரவேண்டியது: வகுப்பாசிரியரின் குறிப்பு, இரண்டு மூன்று நோட்டின் நகல், முந்தைய மதிப்பெண். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். யூடிஐடி (மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை) விண்ணப்பம் தேங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

சான்றில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கதவு மூடிவிட்டது என்று நினைக்கவேண்டாம். விகாஸ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகும் நோய் உள்ளவருக்கு 40 சதவீதம் இல்லாமலே எழுத்தர் (சொல்வதை எழுதுபவர்) உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஆகஸ்டில் அதற்கான மத்திய வழிகாட்டுதலும் வந்தது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடாது. சொல்லத் தெரியவேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், காலாண்டுக்கு முன்பே.

கணக்கில்: "ஏ பிளஸ் பி பை சி" என்றால் எழுதுபவர் இரண்டு விதமாக எழுதலாம். "பின்னம் தொடக்கம், மேலே ஏ கூட்டல் பி, கீழே சி, பின்னம் முடிவு" என்று சொல்லப் பழக்குங்கள். அறிவியல் படத்துக்கு: "வட்டம், அதன் நடுவில் சின்ன வட்டம், அதற்கு அம்புக்குறி, பெயர் உட்கரு." கட்டுரையில் பத்தி மாறும் இடத்தைச் சொல்லவேண்டும். எழுதியதை ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் நேரம் கரையும். ஐந்து மதிப்பெண்ணுக்கு மேற்பட்டதற்கு மட்டும் கேட்பது கட்டுப்படியாகும்.

ஒரு மொழிப்பாடத் தேர்வை எழுதாமல் இருக்க அனுமதிக்கும் மொழிப்பாட விலக்கு தனி விஷயம். தகுதி இருக்கிறது என்பதற்காகப் பள்ளியே டிக் போட்டுவிடுவதை ஏற்க முடியாது. பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பாடத்தை நன்றாக வாயால் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுத்தர் இருந்தால் தேர்ச்சி பெறுவார்கள்.

22 செப்டம்பர், திங்கள்

காலாண்டுத் தேர்வு நடக்கிறது. மார்ச்சுக்கு ஒத்திகை பார்க்க இதைவிட்டால் அரையாண்டுதான்.

பொதுத்தேர்வு மூன்று மணி நேரம், முன்னால் பதினைந்து நிமிடம். மணிக்கு இருபது நிமிடம் என்ற வழிகாட்டுதல்படி கூடுதலாக ஒரு மணி நேரம். பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டேகால். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை அவ்வளவு நேரம் உட்கார, பாதம் தரையில் முழுதாகப் படியவேண்டும். தொங்கினால் அரைமணியில் இடுப்பு சரியத் தொடங்கும், கை நடுங்கும். ஒரு மரப்பலகையோ இரண்டு செங்கலைத் துணியில் சுற்றியதோ போதும். தரைத்தளத்தில் தனி அறை, பக்கத்தில் கழிப்பறை, பன்னிரண்டரைக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும்: இவை மூன்றையும் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வு மையத்துக்கு எழுத்தில் கேட்டு வையுங்கள். இரண்டு மணிக்கு மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்று அவசரப்படுத்தும் கண்காணிப்பாளரும் இருப்பார், அவருக்கும் நகல் போகட்டும்.

சான்று இருந்தும் கூடுதல் நேரம் மறுத்தால் முதலில் தலைமையாசிரியருக்கு மனு, பதில் வராவிட்டால் காமராஜர் சாலையில், லேடி வில்லிங்டன் வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையருக்கு. சாட்சியை வரவழைக்க, ஆவணம் கேட்க அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. மனுவோடு ஜூன் மாதம் முத்திரை வாங்கிய விண்ணப்ப நகல், தனிநபர் கல்வித் திட்டம், சான்று, காலாண்டில் கூடுதல் நேரத்தில் எழுதிய விடைத்தாளின் நகல் ஆகியவற்றை இணைக்கவேண்டும். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தேர்வு முடிந்து விடைத்தாள் கையில் வரும் அன்றே நகலெடுத்துவிடுங்கள், அக்டோபரில் கேட்டால் கட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது.