தூதரகக் கணக்கை நடத்திய காலம்

ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் ஊடகப் பிரிவில், உள்ளூர்ப் பணியாளராகச் சில ஆண்டுகள் இருந்தேன். சமூக ஊடகக் கணக்குகள் என் பொறுப்பில். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா பதிவு போடும் வேலை. உள்ளே, நாலு வரிப் பதிவு ஒன்று அரசியல் பிரிவு, விசா, பாஸ்போர்ட் வேலைகளைப் பார்க்கும் கான்சுலர் பிரிவு, துணைத் தூதர், சில சமயம் தலைமையகம் வரை போய்விட்டுத்தான் வெளியே வரும். அதற்குள் விஷயமே பழசாகியிருக்கும். எனக்கு அதில் தீராத எரிச்சல். 2018 ஆகஸ்டுக்குப் பிறகு அந்த எரிச்சல் குறைந்துவிட்டது.

அந்த மாதம் சவுதி அரேபியாவில் செயற்பாட்டாளர்கள் கைதானதைக் கண்டித்துக் கனடாவின் வெளியுறவு அமைச்சகம் ட்விட்டரில் எழுதியது. அவர்களை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்றது. ரியாத்தில் இருந்த கனடா தூதரகம் அதையே அரபியிலும் வெளியிட்டது. சவுதி அரசு கனடா தூதரை வெளியேற்றியது. புதிய வர்த்தகத்தை நிறுத்தியது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தன் மாணவர்களைத் திரும்பி வரச் சொன்னது. உறவு மறுபடி ஒட்ட 2023 மே வரை ஆனது. கண்டித்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட பதிவுகளில் பாதிக்கு மேல் சொந்த நாட்டு மக்கள் படிப்பதற்காகவே எழுதப்படுபவை என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். கைதட்டல் தலைநகரில் விழும். அதற்கான விலையை, தூதரகம் இருக்கும் நாட்டில் விசாவுக்கு வரிசையில் நிற்பவரும் படிப்பைப் பாதியில் விட்ட மாணவரும் கொடுப்பார்கள்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரகம் 2008-ல் தன் வளாகத்தில் காற்றுமாசு அளக்கும் கருவி ஒன்றை வைத்தது. நுண்துகள் அளவை மணிக்கொரு முறை ட்விட்டரில் ஒரு கணக்கு தானாகவே வெளியிட்டது. கண்டனமும் இல்லை, அறிவுரையும் இல்லை, வெறும் எண். சீனாவில் ட்விட்டர் முடக்கப்பட்ட பிறகும் அந்த எண் கைமாறிப் பரவியது. 2012-ல் சீன அதிகாரிகள் வெளிநாட்டுத் தூதரகங்கள் இதை நிறுத்த வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு சீனா தன் காற்றுத் தர விதிகளில் பி.எம்.2.5 என்ற அந்த நுண்துகள் அளவைச் சேர்த்தது, 2013 தொடக்கத்தில் 74 நகரங்களின் அளவுகள் உடனுக்குடன் வெளியாகத் தொடங்கின. மக்களிடம் எழுந்த அழுத்தத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. இருந்தாலும் எத்தனை உரைகள் எழுதினாலும் இந்த எண் செய்த வேலையைச் செய்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கள் கணக்கிலும் அதே கதைதான். அமைச்சர்கள் கைகுலுக்கும் படத்துக்கு அலுவலகத்தில் இருந்தவர்களே விருப்பம் போட்டிருப்பார்கள். "விசா மையம் நாளை இயங்காது" என்ற பதிவை ஆயிரம் பேர் பகிர்வார்கள். (அந்தப் பதிவுக்குப் படம் வேண்டாமா என்று ஒரு மேலதிகாரி கேட்டது தனிக்கதை.) இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். வெளிநாட்டில் சிக்கியவர்கள் ட்விட்டரில் கூப்பிட்டால் அவரே பதில் போடுவார். 2015-ல் ஏமன் போரின்போது அப்படி வந்த முறையீடுகளில் வேறு நாட்டவருடையதும் இருந்தன. இந்தியா அங்கிருந்து மீட்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களில் 900-க்கும் மேல் வெளிநாட்டினர். பதிவுக்குப் பின்னால் கப்பலும் விமானமும் இருந்ததால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு.

சரி, இதில் யாரும் அதிகம் பேசாத மூன்றாவது தரப்பு, தளத்தை நடத்தும் நிறுவனம். தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்பெல்லாம் 1961-ன் வியன்னா ஒப்பந்தத்திலிருந்து வருவது. அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. கணக்கு இருப்பதோ ஒரு கம்பெனியின் கணினியில். டென்மார்க் 2017-ல் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பேசவென்றே ஒரு தூதரை நியமித்தபோது சிலர் சிரித்தார்கள். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். இரண்டு மாதத்தில் நியூசிலாந்தும் பிரான்ஸும் அரசுகளையும் நிறுவனங்களையும் பாரிஸில் ஒரே மேசையில் உட்கார வைத்து இணையத்தில் பயங்கரவாதப் பதிவுகளைத் தடுப்பதற்கான 'கிறைஸ்ட்சர்ச் அழைப்பு' என்ற உறுதிமொழியை வெளியிட்டன. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

எங்கள் தூதர் பெயரில் ஒருமுறை போலிக் கணக்கு முளைத்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டது. தலைமையகத்துக்குக் கடிதம் போனது. நிறுவனத்தின் புகார்ப் படிவத்தையும் எல்லாரையும் போல நிரப்பி அனுப்பினோம். இரண்டுக்கும் அசைவில்லை. கடைசியில் உதவியது அந்த நகரத்துத் தூதரகங்களின் ஊடகப் பணியாளர்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழு. எங்கள் அரசோடு அப்போது பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்த ஒரு நாட்டின் பணியாளர், அந்த நிறுவனத்தில் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, மறுநாளே அதை நீக்க வைத்தார். நன்றி சொல்லி அதிகாரபூர்வமாக ஒரு பதிவு போடலாமா என்று நான் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்கள்.