நாற்காலி வந்த பிறகும்

ஜவுளிக்கடைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் சொல்லாத நாள் இல்லை. ஆள் கிடைக்கத்தான் செய்கிறார்கள். மூன்று மாதம் தாண்டுவதில்லை, அவ்வளவுதான். திருச்சியில் சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்து, பில் கவுண்டரில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது ஒரு கடையின் புடவைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. சம்பளம் முதல் காரணம், அதை மழுப்புவதில் அர்த்தமில்லை. ஆனால் எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனவர்களும் உண்டு. ஏன் என்று கேட்டால், "அங்க சூப்பர்வைசர் நல்ல மாதிரிக்கா" என்பார்கள். ஒருத்தி, "அங்க பாத்ரூம் போறதுக்கு யாரையும் கேக்க வேணாம்க்கா" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெரிய புடவைக் கடைக்குப் போனால், கவுண்டருக்கு மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ரேக்கின் கீழ்த்தட்டில் குதிகாலை ஏற்றி வைத்திருப்பார்கள். மேலே முகம் சிரித்துக்கொண்டு, "இந்த பார்டர்ல இன்னும் நாலு கலர் இருக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பத்து வருடம் இப்படி நின்றவர்களின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பதை எங்கள் தொழிலில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. புடவையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் புடவைக் கடையில் எல்லோரும் உட்கார்ந்துதான் வியாபாரம் பார்த்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் கடைக்காரர் சம்மணம் போட்டிருப்பார். எதிரே ஜமக்காளத்தில் குடும்பமே உட்கார்ந்திருக்கும், மடியில் குழந்தை தூங்கும். இப்போதும் சில பட்டுக் கடைகளில் அந்த வழக்கம் உண்டு. கண்ணாடிக் கட்டடமும் அடுக்கு மாடியும் வந்தபோதுதான் விற்கிறவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. நிற்பது மரியாதை என்பது பிறகு சேர்த்துக்கொண்ட நியாயம்.

அந்த நியாயத்தை முதலில் உரக்கக் கேள்வி கேட்டது கேரளத்துப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களை விஜி என்ற தையல்காரப் பெண்மணி 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரட்டினார். முதல் கோரிக்கை கழிப்பறை. உட்காரும் உரிமை அப்புறம்தான் வந்தது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

நான் வேலை பார்க்கும் இடத்துக்கும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. முதலாளி கணக்குப் பார்க்காமல் வாங்கினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் இரண்டு. ஒரு மாதத்துக்கு அவற்றின் மேல் மடிக்காத புடவைகள்தான் உட்கார்ந்திருந்தன.

பயம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேமரா இருக்கிறது, சூப்பர்வைசர் முறைப்பார், அதனால் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று. அது பாதி உண்மை. நான் வாய்விட்டுச் சொன்ன பிறகும், நானே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டிய பிறகும் உட்காரவில்லை. காரணம் பில்லில் இருந்தது.

ஜவுளிக்கடை பில் எப்படி விழுகிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒரு நம்பர். புடவையை எடுத்துக் கொடுத்தவர் அந்த நம்பரைச் சீட்டில் எழுதி பில்லுக்கு அனுப்புவார். மாதக் கடைசியில் அந்த நம்பரில் எவ்வளவு விற்றிருக்கிறது என்று பார்த்துத்தான் இன்சென்டிவ். நகராத பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டால் அதற்குத் தனியாக ஏதாவது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ஒரு குடும்பத்துக்கு நாற்பது புடவை பிரித்துக் காட்டியிருக்கிறாள். அவர்கள் இரண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அத்தையிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவளுக்குப் பாத்ரூம் போக வேண்டும். அது மூன்றாவது மாடியில் குடோனுக்குப் பின்னால் இருக்கிறது. லிப்ட் கஸ்டமருக்கு மட்டும். போய் வருவதற்குள் அத்தை சரி என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்பவளின் நம்பரில் பில் விழுந்துவிடும். ஆகவே போக மாட்டாள். போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். காலையில் கொண்டுவந்த பாட்டில் இரவு ஹாஸ்டலுக்குப் பாதியாகத் திரும்பும். நீர்க்கடுப்பு என்று மாதத்தில் யாராவது ஒருத்தி லீவு கேட்பது இப்படித்தான் வருகிறது. உட்காருவதும் அதே கணக்குதான். உட்கார்ந்திருப்பவளைத் தாண்டி, நின்றுகொண்டு கூப்பிடுகிறவளிடம்தான் கஸ்டமர் போவார்.

நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிடும். நம்பரை யார் மாற்றுவது? ஒரு வேலை நல்ல வேலையா இல்லையா என்பதை இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன என்பது என் கட்சி. நிர்வாகப் பயிற்சி என்று எங்களைக் கூட்டி வைத்துப் புன்னகை, அர்ப்பணிப்பு, குழு மனப்பான்மை என்று பேசுவார்கள். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துப் போட்டிக்கு விட்டுவிட்டு குழு மனப்பான்மையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

முதலாளியிடம் பேசி, என் தளத்தில் மட்டும் இன்சென்டிவைச் செக்‌ஷன் வாரியாக மாற்றிப் பார்த்தோம். காட்டன், சிந்தடிக், பட்டு என்று பிரிவுக்கு ஒரு நம்பர். வருவதைப் பிரிவில் இருப்பவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வது. பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால், "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்ற வார்த்தை தளத்தில் கேட்க ஆரம்பித்தது. ஸ்டூல்களில் இருந்த புடவைகள் ரேக்குக்குப் போயின. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது, அப்போது பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் அடிபட்டது என் தளத்தின் முதல் தரமான விற்பனையாளர். இருபது வருடத்துக்கு மேல் இதே தொழில். பட்டுப் பிரிவில் அவருடைய பேச்சுக்கே தனி வாடிக்கையாளர்கள் உண்டு. "நான் வித்து நீங்க பங்கு போடுறீங்களாம்மா? நல்லாருக்கு நியாயம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் கைக்கு வரும் தொகை குறைந்தது உண்மை. கடைசியில் பட்டுப் பிரிவில் பாதி நம்பருக்கு, பாதி பிரிவுக்கு என்று ஒரு சமரசத்துக்கு வந்தோம். அவருக்கு அதிலும் முழுத் திருப்தி இல்லை, "அண்ணே, சாப்டாச்சா?" என்று கேட்டால் ஒரு மாதம் தலையை மட்டும்தான் ஆட்டினார். எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது கஸ்டமர் கோபம். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் நல்லபடியாக வந்து போகிறவர்கள். மீதிப் பேர் போதும் ஒரு நாளைக் கெடுக்க. "ஏம்மா, காட்டத்தானே சம்பளம் வாங்கறே? மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்பார்கள். இந்த இடத்தில் பல சூப்பர்வைசர்கள் ஒரு பழைய வித்தையைக் கையாள்வார்கள். கஸ்டமர் எதிரிலேயே அந்தப் பெண்ணை நாலு வார்த்தை திட்டுவது, பிறகு உள்ளே கூட்டிப்போய், "சும்மா அவங்களுக்காகத் திட்டினேன், மனசுல வச்சுக்காதே" என்று தட்டிக்கொடுப்பது. கஸ்டமர் குளிர்ந்துவிடுவார், வியாபாரமும் ஆகிவிடும். எனக்கு இந்த வித்தை சுத்தமாகப் பிடிக்காது. திட்டு வாங்கியது இருபது பேர் முன்னால், தட்டிக்கொடுத்தது குடோனில்.

நான் செய்வது சாதாரணமான ஒன்று. குரல் உயர்ந்ததும் அங்கே போய், அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கீழே போய் இந்த டிசைன்ல புது ஸ்டாக் வந்திருக்கான்னு பாத்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிடுவேன். கீழே புது ஸ்டாக் எதுவும் இருக்காது. அது அவளுக்கும் தெரியும். பத்து நிமிடம் முகம் கழுவி, தண்ணீர் குடித்து வருவாள். கஸ்டமரிடம் மீதியை நான் பேசிக்கொள்வேன். பெரும்பாலும் அவர்களுக்கும் களைப்புதான், காலையிலிருந்து அலைந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

லீவு விஷயத்தில் எந்த ஏற்பாடும் முழுசாகச் சரிவருவதில்லை. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் இடைவேளை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் எந்தப் புடவைத் தளத்திலாவது இது நடக்கிறதா என்று கேட்டால், நான் சிரிப்பேன். முகூர்த்த மாதங்களில் இன்னொரு சங்கடம். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுக்கிற மாதத்தில்தான் இவர்கள் வீட்டுக் கல்யாணமும் வரும். தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் என்பது போய் வருவதற்கே சரியாகப் போய்விடும். நான் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: மாத லீவுப் பட்டியலை முந்தைய மாதம் 20ஆம் தேதியே சுவரில் ஒட்டிவிடுவது, அவர்களுக்குள் மாற்றிக்கொள்ள விடுவது. யாருக்கு எந்த நாள் முக்கியம் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. சண்டையும் குறைந்திருக்கிறது.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். பிடிப்பது எல்லோருக்கும் தெரியும், எதற்கு என்று தெரியாது. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாமல் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாள்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதைச் சொன்னபோது என் தளத்தில் பாதிப்பேர் நம்பவில்லை. நரம்பு சுருட்டலுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அக்காவுக்குப் பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் மற்றவர்கள் கார்டைத் தேடி எடுத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதை விளக்க இப்போது அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். புடவை மடிக்கக் கற்றுக்கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

இதில் எதுவும் சீசன் ஆள்களைத் தொடுவதில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒன்றரை மாதத்துக்கென்று கல்லூரிப் பிள்ளைகளும் பக்கத்துக் கிராமத்துப் பெண்களும் வருவார்கள். நாள் கூலி, இன்சென்டிவ் கிடையாது, லீவுப் பட்டியலில் பெயர் இருக்காது. கூட்டத்தின் முழு எடையும் அந்த நாள்களில் அவர்கள் காலில்தான் இறங்கும். கவுண்டருக்கு இரண்டு ஸ்டூல் என்ற கணக்கிலும் அவர்கள் வரவில்லை. இந்த வருடம் அவர்களையும் செக்‌ஷன் இன்சென்டிவில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி, ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார். பட்டுப் பிரிவு அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.